சம்பளம் வேண்டாம், சோறு போட்டால் போதும்

"சம்பளம்கூட வேண்டாம் சார், சோறு போட்டால் போதும்" என்று வேலை கேட்டு வருகிறவர்களை எல்லாரும் பார்த்திருப்போம். பேச்சுக்குச் சொல்வது அது. மூன்றாம் மாதமே, "ஊரில் தங்கச்சிக்குக் கல்யாணம்..." என்று தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வாக்கைக் கடைசிவரை காப்பாற்றிய மகானுபாவர் ஒருவர் உண்டு. ஊர் நார்வே, பெயர் ரோல்ட் அமுண்ட்சென். பின்னாளில் தென்துருவத்தில் முதன்முதலாகக் கால் வைத்த அதே ஆள்தான். ஆனால் இந்தக் கதை நடக்கும்போது அந்தப் பெருமையெல்லாம் கிடையாது. பாதியில் விட்ட மருத்துவப் படிப்பு, நல்ல உடம்பு, கொஞ்சம் கிட்டப்பார்வை. சொத்து அவ்வளவுதான்.

பெல்ஜியக் கடற்படை அதிகாரி அட்ரியென் டி ஜெர்லாஷ் தென்துருவப் பக்கம் கப்பல் விடப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் அமுண்ட்சென் கடிதம் எழுதினார். சம்பளம் தேவையில்லை, என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஊர் ஊராக நன்கொடை பிரித்துக் கப்பல் வாங்கிய மனிதருக்கு இதைவிட இனிப்பான கடிதம் எங்கிருந்து வரும்? ஃபர்ஸ்ட் மேட் வேலை கிடைத்தது. சம்பள விஷயத்தில் ஏமாற்றம் எதுவும் இல்லை. சோற்று விஷயத்தில்தான் அடி விழுந்தது.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மகன் டாக்டராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அம்மாக்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மகனோ நார்வேயின் குளிர்காலத்தில் ஜன்னலை விரியத் திறந்துபோட்டுத் தூங்குவான். கேட்டால் நல்ல காற்று வேண்டுமாம். உண்மையில் அது துருவக் குளிருக்கு ஒத்திகை. 15 வயதில் ஜான் ஃபிராங்க்ளினின் பயணக் கதைகளைப் படித்ததால் வந்த வினை. கனடாவின் வடகோடியில் பட்டினி கிடந்து, கடைசியில் தன் பூட்ஸ் தோலையே மென்று உயிர் பிழைத்த ஆங்கிலேயர் ஃபிராங்க்ளின். மற்ற பிள்ளைகள் படித்துவிட்டு ஐயோ பாவம் என்றிருப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு, நாமும் இப்படிக் கஷ்டப்பட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நாக்கில் நீர் ஊறியது. 1893-இல் அம்மா கண்ணை மூடினார். பையன் மருத்துவப் புத்தகங்களை மூடினான்.

ராணுவத்தில் சேர மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது இன்னொரு கூத்து. பையனின் உடற்கட்டைப் பார்த்து டாக்டர் சொக்கிப்போய்விட்டார். அடுத்த அறையிலிருந்த அதிகாரிகளை எல்லாம், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுக் காட்டினார். அமுண்ட்சென் பிறந்த மேனியாக நடுவில் நின்று நெளிய, சுற்றிலும் ஒரே பாராட்டு மழை. அந்தக் களேபரத்தில் கண்ணைப் பரிசோதிக்க மறந்தே போனார்கள். கிட்டப்பார்வை தப்பித்தது. இப்படி உடுப்பில்லாமல் நிற்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் இன்னொரு முறை வரும்.

இப்போது அவருடைய பிறந்தநாளுக்கு வருவோம். அவர் பிறந்தது 1872 ஜூலை 16. நார்வேயில் ஜூலை என்றால் அருமையான கோடை. ராத்திரி பத்து மணிக்கும் வெளியே உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். இருபத்தைந்து வருஷம் அந்த வெளிச்சத்தில்தான் அவருக்கு வயசு ஏறியது. இருபத்தாறு முடிந்த அன்று மட்டும் பூமி தலைகீழாகிவிட்டது. அதாவது, பூமி அப்படியேதான் இருந்தது, இவர் டி ஜெர்லாஷின் கப்பலில் அதன் அடிப்பக்கத்துக்குப் போய்விட்டார். அங்கே ஜூலை நட்டநடுக் குளிர்காலம். சூரியன் கடைசியாகத் தலை காட்டியது மே 17. ஜூலை 16-க்குக் கணக்குப் போட்டால் 60 நாள் ஆகியிருந்தது. ஒரு நாள் முன்னால், 15-ஆம் தேதி, அதே கப்பலில் வந்த போலந்துக்காரரான ஆர்க்டோவ்ஸ்கிக்கு 27 முடிந்தது. ஜூன் 10 அன்று கப்பல் டாக்டருக்கு 33. சூரியனே இல்லாத ஊரில் பிறந்தநாள் மட்டும் வரிசை கட்டி வந்தது. விடிந்தால் பிறந்தநாள் என்றுகூடச் சொல்ல வழியில்லை. விடிந்தால்தானே.

கப்பல் பெயர் பெல்ஜிக்கா. பழைய திமிங்கில வேட்டைக் கப்பல். நீளம் சுமார் 36 மீட்டர். நம் அரசு விரைவுப் பேருந்து மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் தீர்ந்தது. 1897 ஆகஸ்ட் 16 அன்று ஆண்ட்வெர்ப்பிலிருந்து புறப்பட்டது. பெல்ஜியக்காரர்கள், நார்வேக்காரர்கள், ருமேனியாவின் ராகோவிட்ஸா, ஒரு அமெரிக்கர், அப்புறம் அந்தக் காலத்து வரைபடத்திலேயே இல்லாத போலந்திலிருந்து இரண்டு பேர். ராகோவிட்ஸா உயிரியல் ஆராய்ச்சி போக மிச்ச நேரத்தில் கூட இருப்பவர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து தள்ளுவார். வீட்டில் பெரியவர்கள் பார்க்கும்படி எல்லாம் வரைய மாட்டார்.

அமெரிக்கர்தான் டாக்டர். பெயர் ஃபிரெடரிக் குக். ரியோ டி ஜெனிரோவில் வந்து ஏறிக்கொண்டார். முறையான சமையல்காரர் வழியிலேயே கப்பலைவிட்டுப் போய்விட்டதால், பிரெஞ்சு அந்நியப் படையில் முன்பு சிப்பாயாக இருந்த மிஷோட் என்பவர் கரண்டியைப் பிடித்தார். ஆக, டாக்டரின் பெயர் குக், குக்கின் பெயர் மிஷோட், மிஷோட்டின் தொழில் துப்பாக்கி. இந்தக் குழப்பம் அப்படியே தட்டிலும் தெரிந்தது.

1898 ஜனவரியில் வீங்கே என்ற இளம் நார்வே மாலுமியைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் கப்பல் தெற்கே, இன்னும் தெற்கே என்றே போனது. பிப்ரவரிக் கடைசியில் புத்தியுள்ள எந்தக் கப்பலும் வடக்கே திரும்பிவிடும். பெல்ஜிக்கா பனிப்பாளங்களுக்குள் மூக்கை நுழைத்தது. புயல் தள்ளியதா, டி ஜெர்லாஷுக்கே உள்ளூர அந்த ஆசை இருந்ததா என்று இன்றுவரை பேச்சு ஓய்ந்தபாடில்லை. எப்படியோ, மார்ச் ஆரம்பத்தில் சுற்றிலும் கடல் உறைந்து கப்பல் சிக்கிக்கொண்டது. அண்டார்டிகாவின் பனிக்கடலில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கழித்த முதல் கப்பல் என்ற பெருமை வந்து சேர்ந்தது. பெருமை வந்ததே தவிர, கம்பளி வரவில்லை. முழு ஏற்பாட்டோடு இருந்த குளிர்கால உடை நாலே நாலு. உள்ளே இருந்தது 18 பேர். பிறகு கப்பலில் கிடந்த சிவப்புக் கம்பளிகளை வெட்டித் தைத்து எல்லாருக்கும் தொளதொளவென்று உடுப்பு செய்தார்கள். பனி வெள்ளையில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் நடமாடுவதைப் பார்த்து பெங்குவின்கள் என்ன நினைத்திருக்குமோ.

ஆரம்பத்தில் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். பொழுதுபோக்குக்குக்கூட ஒன்று கண்டுபிடித்தார்கள். பத்திரிகைகளில் வந்த அழகிகளின் படங்களை வைத்து அழகிப் போட்டி. சிறந்த கண், சிறந்த கை என்று பிரிவு பிரிவாக ஓட்டுப் போட்டு விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் மல்லுக்கு நின்றார்கள். போட்டியாளர்கள் எல்லாரும் பாரிஸ் பக்கம், தங்களுக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்தது தெரியாமலே இருந்தார்கள்.

மே மாதம் சூரியன் போனதும் சிரிப்பும் போனது. ஈரம் சொட்டும் அறை, எண்ணெய் விளக்கு, இருட்டில் கும்மாளம் போடும் எலிகள். எலி பிடிக்க ஒரு பூனை இருந்தது. பெயர் நான்சென். நார்வேயின் பெரிய துருவ வீரரின் பெயர். நம் ஊரில் நாய்க்கு டைகர் என்று வைப்பதுபோல. இருட்டு வந்ததும் அதுவும் யாரோடும் ஒட்டாமல், உறுமிக்கொண்டு, ஜூன் கடைசியில் செத்துப்போனது. அதற்கு முன்பே, ஜூன் 5 அன்று, எல்லாருக்கும் பிடித்த பெல்ஜியக்காரர் டாங்கோ இதய நோயால் இறந்திருந்தார். பனியில் துளை போட்டு அவரைக் கடலுக்குள் இறக்கினார்கள். இந்த இடத்தில் எனக்கும் கிண்டல் வரவில்லை.

மற்றவர்களுக்குக் கால் வீங்கியது, நாடி எகிறியது, ஈறு தளர்ந்தது. ஸ்கர்வி. வைட்டமின் சி என்ற சங்கதியே அப்போது உலகத்துக்குத் தெரியாது. கெட்டுப்போன டின் உணவில் உள்ள விஷம்தான் காரணம் என்று பெரிய பெரிய டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். கப்பலில் எலுமிச்சைச் சாறு இருந்தது, குடித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை.

டின்னுக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். நார்வேயிலிருந்து வந்த மீன் உருண்டை. வெளுத்து, மெதுமெதுவென்று, மணமும் இல்லாமல் ருசியும் இல்லாமல், வெந்த பஞ்சுபோல ஒரு வஸ்து. இன்று மீன் உருண்டை, நாளை கறி உருண்டை, மறுநாள் பழையபடி மீன் உருண்டை. அதைக் கண்டுபிடித்தவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்பதுதான் அந்தச் சாப்பாட்டு மேஜையில் ஓயாமல் நடந்த ஆராய்ச்சி. பல்லே வேண்டாத சாப்பாடு அது. பல் ஆட ஆரம்பித்த கூட்டத்துக்கு ஒருவிதத்தில் வசதிதான்.

வெளியே சீல் இருந்தது, பெங்குவின் இருந்தது. சூரியன் போவதற்கு முன்பே கொஞ்சம் பிடித்துப் பனியில் புதைத்தும் வைத்திருந்தார்கள். துருவப் பயணி பீரியின் கிரீன்லாந்துப் பயணத்தில் போய் எஸ்கிமோக்களோடு பழகியவர் டாக்டர் குக். பச்சையாகவும் அரைவேக்காடாகவும் கறி தின்னும் அந்த மக்களுக்கு ஸ்கர்வி வருவதில்லை என்று கண்ணால் பார்த்தவர். காரணம் தெரியாது, ஆனால் காரியம் தெரியும். "பெங்குவினைச் சாப்பிடுங்கள்" என்றார். நம் பாட்டி கஷாய டம்ளரோடு துரத்துவதுபோல ஒவ்வொருவர் பின்னாலும் அலைந்தார்.

கமாண்டர் டி ஜெர்லாஷ் மறுத்துவிட்டார். மாட்டுக்கறியையும் நாறிய மீனையும் ஒரே சட்டியில் போட்டு மீன் எண்ணெயை ஊற்றி வதக்கினால் எப்படி இருக்கும், அதுதான் பெங்குவின். அவர் முகம் சுளித்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தான் தின்னாததோடு நிறுத்தவில்லை, கப்பலில் வேறு யாரும் தின்னக் கூடாது என்றும் தடை போட்டார். அமுண்ட்சென் 1927-இல் எழுதிய சுயசரிதையில் இதைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது. பசி ருசி அறியாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்களே, அவர்கள் டி ஜெர்லாஷைப் பார்த்ததில்லை. உயிர் போகும் நிலையிலும் நாக்கின் மானத்தை விட்டுக்கொடுக்காத மனிதர்.

இந்த லட்சணத்தில் வந்தது ஜூலை.

கமாண்டர் படுக்கையில். அடுத்த இடத்தில் இருந்த கேப்டன் லெக்வாண்டும் படுக்கையில். இருவரும் உயில் எழுதி வைத்துவிட்டார்கள். இனி கப்பலை நடத்தவேண்டியவர் யார்? பதவி வரிசைப்படி மூன்றாமவர், சம்பளமே வாங்காத ஃபர்ஸ்ட் மேட். இருபத்தாறாவது பிறந்தநாளுக்கு ஒருவனுக்கு என்ன கிடைக்கும்? கைக்கடிகாரம் கிடைக்கும், சட்டைத்துணி கிடைக்கும். அமுண்ட்சென்னுக்கு ஒரு கப்பலே கிடைத்தது. நகராத கப்பல். நாலாபக்கமும் பனி, உள்ளே எழுந்து நிற்க முடியாத ஆட்கள், மேலே இருட்டு.

அவரும் குக்கும்தான் ஓரளவு நடமாடும் நிலையில் இருந்தார்கள். முன்பே 1894-இல் சீல் வேட்டைக் கப்பலில் போய்வந்த அனுபவம் அமுண்ட்சென்னுக்கு உண்டு. பூட்ஸைத் தின்றவரைக் குருவாக வரித்துக்கொண்டவருக்குப் பெங்குவின் ஒரு பொருட்டா? கொடுத்ததைத் தின்றார், தெம்பாக நடந்தார்.

இருவரும் கலந்து பேசினார்கள். தடை போட்டவர் படுத்திருக்கும்போது தடைக்கு மட்டும் தனியாக என்ன மரியாதை? பனியைத் தோண்டிப் புதைத்து வைத்திருந்த சீல்களை வெளியே இழுத்துப்போட்டார்கள். கல்லாக இறுகிய கறி. மிஷோட்டை எழுப்பி அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார்கள். கறி வந்தது. கரேலென்று, பாதி வெந்து, ஓரத்தில் எண்ணெய் மினுங்க. மெழுகுவத்தி ஊதவும் கேக் வெட்டவும் தெம்பில்லாத அந்தச் சபையில் அதுதான் விருந்து, அதுதான் மருந்து. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே தட்டில் வந்ததால் மூன்று நாளோடு முடியவில்லை, மாதக்கணக்கில் ஓடியது.

லெக்வாண்ட் தின்றார். மாலுமிகள் தின்றார்கள். ஒரு வாரத்திலேயே வீக்கம் வடிய ஆரம்பித்தது. உயில் எழுதிய கை மறுபடி முள்கரண்டியைப் பிடித்தது. கடைசியில் கமாண்டரும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். அப்போது அவருடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்று ராகோவிட்ஸா வரைந்து வைத்திருக்க வேண்டும்.

கறியோடு குக் விடவில்லை. இன்னொரு வைத்தியமும் இருந்தது. சூரியன் இல்லாததுதானே பாதி வியாதி, அடுப்பையே சூரியனாக்கிவிடுவோம் என்றார். நோயாளி உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டு, தகதகவென்று எரியும் கணப்பு அடுப்பின் முன்னால் தினமும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். கடற்படையில் கௌரவமாக வளர்ந்த கேப்டன்கள் அந்த இத்தினியூண்டு அறையில், முன்பக்கம் சூடானதும் பின்பக்கம் திரும்பி, பின்பக்கம் சூடானதும் முன்பக்கம் திரும்பி, அப்பளம்போல வாட்டப்பட்டார்கள். வெளியே மைனஸ் முப்பது. கதவை யாராவது திறந்தால் என்ன வசவு கேட்டிருக்கும், எந்தெந்த மொழியில் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆடையில்லாமல் நின்று நாலு பேர் பார்வையில் பட்ட அனுபவம் அமுண்ட்சென் ஒருவருக்குத்தான் முன்பே உண்டு. அவரிடம் மற்றவர்கள் யோசனை கேட்டிருக்கலாம்.

பிறந்தநாள் கழிந்து ஒரு வாரத்துக்குள் தொடுவானத்தில் ஒரு துளி வெளிச்சம் எட்டிப் பார்த்தது. சூரியனேதான். காலம் தாழ்த்தி வந்த விருந்தாளி ஒன்றுமே நடக்காததுபோல நிற்பானே, அந்த மாதிரி. மாதக் கடைசியில், ஜூலை 31 அன்று, குக், அமுண்ட்சென், லெக்வாண்ட் மூன்று பேரும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பனியில் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டார்கள். அதே லெக்வாண்டா என்று கேட்காதீர்கள், அதே லெக்வாண்ட்தான். இரண்டு வாரத்துக்கு முன் உயிலோடு படுத்திருந்தவர். சீல் கறிக்கு இதைவிட விளம்பரம் தேவையில்லை.

அதற்குப் பிறகு பெங்குவின் கிடைப்பதிலும் சிரமமில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆட்களைக் கூப்பிட கார்னெட் ஊதுவார்கள். ஊதும் சத்தம் கேட்டதும் பெங்குவின்கள் கப்பலை நோக்கித் தத்தித் தத்தி வந்து, வரிசையாக நின்று, கச்சேரி முடியும்வரை கேட்கும். முடிந்தால் போய்விடும். போக விட்டால்தானே. இசை கேட்க வந்த ரசிகரையே இரவுச் சாப்பாடாக்கிய சபா உலகத்தில் இது ஒன்றுதான்.

நவம்பரில் இன்னொரு வேடிக்கை. டி ஜெர்லாஷுக்கும் லெக்வாண்டுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் தலைமை ஒரு பெல்ஜியக்காரருக்குத்தான் போக வேண்டும், நார்வேக்காரருக்கு இல்லை என்று முன்பே ஓர் ஒப்பந்தம் எழுதியிருந்தது அமுண்ட்சென் காதுக்கு எட்டியது. அப்படியானால் ஜூலையில் அவர் கப்பலைத் தாங்கியதெல்லாம் கணக்கிலேயே இல்லை! கோபம் வராதா? வந்தது. ராஜினாமா கடிதம் கொடுத்தார். சம்பளமே இல்லாத வேலையை ராஜினாமா செய்தார், அதுவும் பனியில் சிக்கிய கப்பலில். வீராப்பாகக் கதவைச் சாத்திக்கொண்டு போக வெளியே இடமில்லை. மறுநாள் காலை அதே மேஜை, அதே முகங்கள், "அந்த உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க." நம் அலுவலகங்களில் நோட்டீஸ் பீரியடில் இருப்பவர்களின் அவஸ்தை தெரியும். இது சில மாதங்கள் நீடித்த நோட்டீஸ் பீரியட்.

1899 ஜனவரியில் ரம்பமும் வெடிமருந்தும் வைத்துப் பனியில் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். கடலைக் கட்டை அறுப்பதுபோல அறுத்தார்கள். ராஜினாமா செய்த அமுண்ட்சென்னும்தான் அறுத்தார். பிப்ரவரி நடுவில் கப்பல் நகர்ந்தது, மார்ச் 14 அன்று பனியைவிட்டு வெளியே வந்தது. சிக்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டது.

அன்று கற்ற சமையல் பாடத்தை அமுண்ட்சென் மறக்கவில்லை. 1911-இல் தென்துருவத்துக்குக் கிளம்பும் முன் அண்டார்டிகாவின் கரையில் குளிர்காலத்தைக் கழித்தபோது, சமையல்காரர் லிண்ட்ஸ்ட்ரோமை வைத்து நாள்தோறும் சீல் கறி போட்டார். ரொம்ப வேகவிடாமல். கூடவே சூடாகத் தோசை மாதிரி ஒரு பணியாரம், தொட்டுக்கொள்ள காட்டுப்பழ ஜாம். ஸ்கர்வி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டிசம்பர் 14 அன்று துருவத்தில் கொடி நட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

குக்கின் கதை வேறு மாதிரிப் போனது. வடதுருவத்தை முதலில் தொட்டவன் நானே என்றார், உலகம் நம்ப மறுத்தது. பிறகு டெக்சாஸில் எண்ணெய்க் கம்பெனிப் பங்கு விற்ற வழக்கில் மோசடி என்று தீர்ப்பாகி, கன்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் சிறையில் போட்டார்கள். 1926-இல் சொற்பொழிவுக்காக அமெரிக்கா வந்திருந்த அமுண்ட்சென், யார் என்ன சொல்வார்களோ என்று பார்க்காமல் சிறைக்கே போய் அவரைப் பார்த்தார். உலகப் புகழ்பெற்றவர் ஒரு பக்கம், கைதி மறு பக்கம். சிறைச் சாப்பாட்டைப் பற்றி டாக்டர் குறை சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். மீன் உருண்டையைத் தின்று மீண்டவருக்கு எந்தச் சிறை என்ன செய்துவிட முடியும்? அமுண்ட்சென் பார்க்கப் போகும்போது கையில் என்ன வாங்கிக்கொண்டு போனாரோ. சீல் கறியாக இருக்க வாய்ப்பில்லை. கன்சாஸில் அது கிடைக்காது.